பீங்கான் கிண்ணத்தில் விழும் சொட்டு

நெய்வேலியில் மாற்றலாகிப் போகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது பக்கத்து வீட்டுக்கு எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். ரோஜாத் தொட்டி, கோழிக்கூண்டு, ஒரு கால் ஆடும் கட்டில் என்று பிளாக் விட்டு பிளாக் சாமான்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் இப்படி ஏதோ ஒன்று வாய்க்க, அல்லா பிச்சைக்கு மட்டும் ஒரு கடல் வாய்த்தது.

நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் அடங்கிய கடல்தான். உள்ளே உப்புத் தண்ணீர், நாலைந்து பாறைத் துண்டுகள், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், நடுப்பாறையில் ஒட்டிக்கொண்டு நூறு விரல்களை அசைத்துக்கொண்டிருக்கும் ஒரு கடல் சாமந்தி. பெயரில்தான் சாமந்தி. அது பூவும் இல்லை, செடியும் இல்லை, வாயும் வயிறும் உள்ள பிராணி. பக்கத்து வீட்டு என்ஜினீயர் ஜெயகணேஷும் அவர் மனைவி கமலாவும் ஆறு வருஷமாக வளர்த்த தொட்டி அது. ஜெயகணேஷுக்கு ராஜஸ்தானத்துச் சுரங்கத்துக்கு மாற்றல் வந்துவிட்டது.

"மணல்காட்டுக்குக் கடலை லாரியில ஏத்திக்கினு போவ முடியாது பாய்," என்றார் ஜெயகணேஷ். "ஒரே ஒரு வருஷம். திரும்பி வந்ததும் எடுத்துக்கறேன்."

கமலா, அல்லா பிச்சையின் மனைவி ஜான் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மீனுக்கு ஏதாவது ஆச்சுன்னாகூட மனசைத் தேத்திக்குவேன் அக்கா. இந்தப் பூவை சட்டைப் பொத்தான் அளவுல வாங்கினு வந்தேன். இதுக்கு மட்டும் ஒண்ணும் ஆவக் கூடாது."

அந்தப் பெண்ணின் குரல் கம்மியதைக் கேட்டதும் அல்லா பிச்சைக்கு மனசு இளகிவிட்டது. "இது அமானிதம்மா," என்றார். "எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே உங்க கையில திருப்பிக் குடுப்பேன்."

சொல்லிவிட்டார். மீன் குழம்பைத் தவிர மீனோடு எந்தப் பழக்கமும் இல்லாத மனிதர். ஆனால் அமானிதம் என்ற சொல்லை அவர் சும்மா சொல்ல மாட்டார். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைக் குறையில்லாமல் திருப்பித் தராவிட்டால் மறுமையில் இறைவன் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும் என்று நம்புகிறவர். அந்த ஏப்ரல் மாதத்திலிருந்து அவருடைய மறுமை ஒரு கடல் சாமந்தியின் விரல் நுனிகளில் ஆடத் தொடங்கியது.

அல்லா பிச்சை சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். நிலக்கரிக்கு அடியில் மணல், மணலுக்குள் ஊற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீர் எப்போது மேலே வரலாம் என்று முட்டிக்கொண்டே கிடக்கிறது. இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். தண்ணீர் குறையாமல் ஓடுகிறதா என்று கவனிப்பதுதான் அவர் வேலை. மீட்டர் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, ஆனாலும் அவர் குழாயில் காதை வைத்துத்தான் நம்புவார். கூட வேலை பார்க்கும் பன்னீர்செல்வம், "பாய்க்கு நிக்காஹ் நடந்தப்பகூட காதுல பம்ப் சத்தம்தான் கேட்டுக்கினு இருந்திருக்கும்" என்று கேலி செய்வான். அதை ஜான் பீவியிடம் சொன்னால் அவள் மறுக்க மாட்டாள்.

இந்த வேலை அவருக்குச் சம்பளத்தோடு இன்னொன்றையும் கொடுத்திருந்தது. தூக்கம் போய்விட்டது. நைட் ஷிப்ட் முடித்து வந்து, ஹாலில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பார். ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் ஒரு கனவு வரும். கனவில் அவர் சுரங்கத்துக்கும் கீழே, மணலுக்குள் நடந்துகொண்டிருப்பார். சுற்றிலும் தண்ணீர், ஆனால் மூச்சு முட்டாது. தண்ணீருக்குள் ஒரு வெளிச்சம் இருக்கும், அதிகாலையில் வருவது போன்ற வெளிச்சம். நடக்க நடக்கச் சுகமாக இருக்கும். திடீரென்று எங்கோ ஒரு பம்ப் நின்றுபோகும். ஓசை நின்றதும் தண்ணீர் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்க்கும். அந்த இடத்தில் விழித்துக்கொள்வார், அதற்கப்புறம் எவ்வளவு புரண்டாலும் தூக்கம் வராது.

தொட்டியை அந்த ஹாலில்தான் வைத்தார்கள், அவர் கட்டிலுக்கு எதிரே. முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நீல விளக்கின் கீழே சாமந்தி அசைவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் கனவு முடிந்துவிட்டதா தொடர்கிறதா என்று அவருக்கே தெரியாது. ஜான் பீவியும் மயங்கிவிட்டாள். பெரிய மீன் ஆண், சின்னது பெண் என்று நினைத்து மாப்பிள்ளை, பொண்ணு என்று பெயர் வைத்தாள். கமலா போனில், "அக்கா, இந்த ஜாதியில பெரிசுதான் பொம்பள" என்று சொன்னதும் ஜான் பீவிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு நாளைக்குப் புருஷனை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜான் பீவி சிக்கனக்காரி. சொட்டும் குழாயைக் கண்டால் அவளுக்கு ஆகாது. தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்ய ஒரு செம்புத் தண்ணீருக்கு மேல் எடுக்க மாட்டாள். தெருவில் போகும்போது யார் வீட்டு வாசல் குழாய் சொட்டினாலும் உள்ளே போய் மூடிவிட்டு வருவாள். ஆனால் சோறு விஷயத்தில் அவள் கை தாராளம். வாயைத் திறந்துகொண்டு வரும் ஜீவனுக்கு இல்லை என்று சொல்ல அவளால் ஆகாது. மீன்கள் கண்ணாடிப் பக்கம் வந்து வாயை மூடி மூடித் திறக்கும். அது மூச்சு விடுகிறது என்று யார் சொன்னாலும் அவள் நம்பவில்லை. காலையில் தீனி, மதியம் தீனி, சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து கொஞ்சம்.

தின்றது போக மிச்சமெல்லாம் பாறை இடுக்கில் அழுகியது. ஜூன் மாதத்தில் சாமந்தி சுருங்கத் தொடங்கியது. முதலில் நுனிகள் வாடின. பிறகு நிறம் வெளுத்தது. கமலா கொடுத்துவிட்டுப் போன சோதனைக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மருந்து விட்டுக் குலுக்கினார் அல்லா பிச்சை. மஞ்சளாக இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தாள். வந்தது ரத்தச் சிவப்பு.

பன்னீர்செல்வத்தின் ஆம்னி வேனில் கேன்களை ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போனார். கடல் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினார். நாலு நாள் ஆரஞ்சு, ஐந்தாம் நாள் மறுபடி சிவப்பு. ஜெயகணேஷிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. போன் வந்தால், "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு நாள் முழுக்கக் குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருப்பார்.

கடலூரில் அலங்கார மீன் விற்கும் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். "தீனி அழுகி நைட்ரேட் ஏறுது பாய். மீன் தாங்கிக்கும், பூ தாங்காது. இனிமே தீனியைக் கொறச்சாலும் பாறை இடுக்குல இருக்கறது ஊறிக்கினே இருக்கும். நீங்க எவ்ளோ மொண்டு ஊத்துனாலும் திரும்பி ஏறும். ஒரு பில்டர் கட்டுங்க, வீட்லயே செய்யலாம். ஒரு பெரிய குழாய்க்குள்ள ஐம்பதடி மெல்லிசு டியூப்பைச் சுருட்டி வையுங்க. அதுல தண்ணி மெதுவா போவணும். போற வழியிலயே தண்ணியில இருக்கற காத்து தீந்துடும். காத்து இல்லாத எடத்துல ஒரு கிருமி வளரும். அதுக்கு மூச்சு விடக் காத்து கெடைக்காது, நைட்ரேட்டைத்தான் பிடிச்சுத் தின்னும்."

"மெதுவான்னா எவ்ளோ மெதுவா?"

"சொட்டு சொட்டா. அவசரப்பட்டுத் தொறந்து வுட்டீங்கன்னா காத்தும் கூடவே உள்ள பூந்துடும். கிருமி செத்துடும். ஒரு மாசம், ஒன்றரை மாசம் பொறுத்தீங்கன்னா பூ பொழைக்கும்."

பம்ப்காரருக்கு இதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் சொல்லியிருக்க முடியாது. தண்ணீரை ஓடவைக்கச் சொன்னால் நெய்வேலியையே நனைத்துவிடுவார். ஓடாமல் இருக்கச் செய் என்றால் எப்படி?

ஆனாலும் செய்தார். மெயின் பஜாரில் ஆறு அங்குல பிவிசி குழாய் இரண்டடி வாங்கினார். அடியில் ஒட்டும் மூடி, மேலே திருகும் மூடி. குடிநீர் சுத்திகரிக்கும் மெஷினுக்குப் போடுகிற வெள்ளை டியூப் ஐம்பதடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூப்பின் ஒரு முனையை ஜான் பீவி பிடித்துக்கொண்டு வாசல்வரை போக, மறுமுனையை அவர் தண்ணீர் பாட்டில்மேல் நெருக்கமாகச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் ஓரடி உள்ளே வந்தாள். கடைசிச் சுற்றுக்கு அவள் அவர் முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் சாமான் அதுதான் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது, ஏதோ ஒரு நெகிழ்ச்சியும் வந்தது.

பாட்டிலை உருவிவிட்டுச் சுருளைக் குழாய்க்குள் இறக்கி, அதன் நடுவில் கிருமி குடியிருக்கத் துளைத்துளையான கற்களைக் கொட்டி, மூடியைத் திருகி, தொட்டிக்கு மேலே சுவர்ப் பலகையில் நிறுத்தினார். தொட்டியில் இருந்து கைப்பிடி அளவு மோட்டார் ஒன்று தண்ணீரை மேலே ஏற்றும். அது சுருளில் நுழைந்து, கற்களுக்குள் ஊறி, வெளியே வரும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வால்வு. அதை ஓடாத அளவுக்கு மூடி, டியூப்பின் முனையைத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார்.

இருபது நாள் கழிந்தது. சிவப்பு மாறவில்லை. மூடியைத் திறந்து, கற்களைக் கழுவி, மறுபடி கட்டினார். இன்னும் இருபது நாள். சிவப்பு. கற்களை மாற்றினார், டியூப்பை மாற்றினார். சாமந்தி இப்போது ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருண்டுவிட்டது. மீன்கள் அதன்மேல் படுக்க இடமில்லாமல் பாறையோரம் ஒண்டின. அல்லா பிச்சைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கட்டின ஒன்று, விதிப்படி கட்டின ஒன்று, ஏன் வேலை செய்யவில்லை என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை டீயை நீட்டிவிட்டு ஜான் பீவி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, மத்தியானம் எழுந்திரிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"நான் எங்க எழுந்திரிச்சேன்?"

அவள் போனை எடுத்துக் காட்டினாள். அன்று லுஹர் தொழுகை முடித்துத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தபோது பிடித்த வீடியோ. முந்தின நாளும் பார்த்தாளாம், சொன்னால் நம்ப மாட்டார் என்று இன்று பிடித்து வைத்தாளாம். அதில் லுங்கியும் பனியனுமாக ஒரு மனிதர் கட்டிலிலிருந்து எழுந்து வருகிறார். கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்வை இங்கே இல்லை. நேராகப் போய் வால்வை முழுக்கத் திருப்பித் திறக்கிறார். குழாயில் காதை வைக்கிறார். உள்ளே தண்ணீர் பாயும் ஓசை கேட்டதும் முகத்தில் ஒரு நிம்மதி. "ஓடுது," என்கிறார். ஏதோ கையெழுத்துப் போடுவது போல விரலைக் காற்றில் அசைத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறார்.

"கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எழுந்திரிச்சு அரைகுறையா மூடிட்டுப் படுத்தீங்க," என்றாள். "அதனாலதான் இத்தன நாளா உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

அல்லா பிச்சை அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தார். முதல் தடவை சிரித்தார். மூன்றாம் தடவை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "அமானிதத்த என் கையாலயே கொன்னுக்கினு இருந்திருக்கேன் ஜான்."

ஜான் பீவி சிரிக்கவில்லை. இந்த மனிதரின் தூக்கத்தை இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். அவருடைய பொறுப்பில் ஒரு குழாய் இருக்கிறது, அதில் ஓசை வரவில்லை. அப்புறம் இந்தக் காது எப்படித் தூங்கும்? இது அவளுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. பில்டரில் ஒரு குறையும் இல்லை.

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து நோன்புக் கஞ்சி குடிக்கும் பீங்கான் கிண்ணத்தை எடுத்து வந்தாள். ஜோடிக் கிண்ணங்களில் ஒன்று. அதைத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் ஒரு ஓரமாகச் சாய்த்து வைத்தாள், நிரம்பினால் தொட்டிக்குள்ளேயே வழியும்படி. தண்ணீருக்குள் கிடந்த டியூப் முனையை இழுத்துக் கிண்ணத்துக்கு ஒரு சாண் மேலே கட்டினாள். பிறகு தஸ்பீஹைக் கையில் எடுத்துக்கொண்டு வால்வைப் பிடித்தாள். ஒரு மணியைத் தள்ளி ஒரு சுப்ஹானல்லாஹ், ஒரு சொட்டு. அடுத்த மணி, அடுத்த சொட்டு. மணிக்கும் சொட்டுக்கும் இடைவெளி இல்லாமல் சேர்ந்து விழும்வரை திருகிக்கொண்டே இருந்தாள்.

"டொக்" என்றது கிண்ணம். கொஞ்சம் பொறுத்து, "டொக்."

"கேக்குதா?"

"கேக்குது."

"ஓடுதுல்ல?"

அல்லா பிச்சை காதைக் கிண்ணத்துப் பக்கம் கொண்டுபோனார். முப்பத்தொரு வருஷமாக அவர் கேட்டுவந்த ஓசை வேறு, இது வேறு. ஆனாலும் இதுவும் ஓடுகிறதுதான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தார். கனவு வந்தது. அதே மணல், அதே தண்ணீர், அதே வெளிச்சம். இந்தத் தடவை எங்கேயோ மேலேயிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவர் நடக்க நடக்க அதுவும் கூடவே வந்தது. பம்ப் எதுவும் நிற்கவில்லை, ஏனென்றால் அங்கே பம்ப்பே இல்லை. தண்ணீர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, தன்பாட்டுக்கு இருந்தது. கண் விழித்தபோது அஸர் பாங்கு கேட்டது. ஆறு மணி நேரம் தூங்கியிருந்தார்! இப்படித் தூங்கி எத்தனை வருஷமாயிற்று என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் வாரம் அழுகின முட்டை நாற்றம் லேசாக அடித்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, ரொம்ப மெதுவாகப் போகிறது, கொஞ்சம் கூட்டுங்கள் என்றார். ஜான் பீவி மணியைக் கொஞ்சம் வேகமாக உருட்டி, அந்த வேகத்துக்கு வால்வைத் திருப்பி வைத்தாள். நாற்றம் போயிற்று. அக்டோபரில் சோதனைக் குழாய் ஆரஞ்சானது. மழைக்காலம் முடிவதற்குள் மஞ்சள். ஒரு காலை அவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ஜான் பீவி வாசலிலேயே நின்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாமந்தி விரிந்திருந்தது. அதன் விரல்களுக்குள் மாப்பிள்ளையும் பொண்ணும் படுத்து உருண்டுகொண்டிருந்தன. இருவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று அவருக்கு டீ வைக்கவே மறந்துபோனாள்.

மே மாதம் ஜெயகணேஷும் கமலாவும் வந்தார்கள். திரும்ப நெய்வேலிக்கே மாற்றல், வேறு பிளாக்கில் குவார்ட்டர்ஸ். கமலா தொட்டி முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். போனபோது இருந்ததைவிடச் சாமந்தி ஒரு மடங்கு பெரிதாக இருந்தது. ஜெயகணேஷ் மேலே இருந்த குழாயை அண்ணாந்து பார்த்தார். "இது என்னா பாய், அடைச்சிக்கினு இருக்கே, சொட்டிக்கினு இருக்கு," என்று சொல்லிக்கொண்டே கையை வால்வுக்குக் கொண்டுபோனார். சுரங்கத்துக்காரர் கை வேறு எங்கே போகும்?

"தொடாதீங்க!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் கத்தினார்கள். அல்லா பிச்சை என்ஜினீயர் சாரின் மணிக்கட்டையே பிடித்துவிட்டிருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு அதிகாரியை அவர் தொட்டதும் கிடையாது, அதட்டினதும் கிடையாது. கையை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கமலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயை, கிண்ணத்தை, ஜான் பீவியின் கையிலிருந்த தஸ்பீஹை. "அக்கா, இது இங்கியே இருக்கட்டுமா?" என்றாள். கேட்கும்போது கை மட்டும் கண்ணாடியை விட்டு வரவில்லை.

அந்தக் கையைப் பார்த்தார் அல்லா பிச்சை. சரி என்று சொல்ல அவருக்கு ஆசைதான், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "அமானிதம்னா திருப்பிக் குடுக்கறதுதாம்மா," என்றார். "பூவை நல்லபடியா பாத்துக்கினீங்கன்னா அது போதும்."

மறுநாள் டெம்போ வந்தது. கடல் கேன்களில் ஏறியது. பில்டர் குழாயைத் தண்ணீர் வற்றாமல் அவரே மடியில் வைத்துக்கொண்டு கூடப் போய், புது வீட்டில் மாட்டி, சொட்டைப் பழைய வேகத்துக்கே திருகி வைத்துவிட்டு வந்தார். பீங்கான் கிண்ணத்தையும் கொடுத்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தார். எதிரே சுவரில் பலகை இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகள். கண்ணை மூடினார். மணலுக்குள் இறங்கி நடந்தார், ஓசை இல்லை. தண்ணீர் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. விழித்தபோது அவர் சுவரருகே நின்றுகொண்டிருந்தார். அங்கே இல்லாத வால்வைத் தேடிக் கை காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. இனி மிச்ச காலமும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு கையை இறக்கினார்.

அப்போது சமையலறையிலிருந்து கேட்டது. டொக்.

போய்ப் பார்த்தார். பாத்திரம் கழுவும் குழாயடியில் ஒரு வாளி, வாளிக்குள் ஜோடிக் கிண்ணத்தில் மிச்சமிருந்த ஒன்று. பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் மணியும் ஒரு கையில் குழாய்த் திருகியுமாக, ஜான் பீவி சொட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஊரார் வீட்டுக் குழாயையெல்லாம் ஓடிப்போய் மூடுகிறவள்.

"ஜான், கொழா சொட்டுது."

"நான்தாங்க வுட்டு வச்சிருக்கேன்." அவள் தலை நிமிரவில்லை. "வீணாவாது. சாயங்காலம் கறிவேப்பிலைக்கு ஊத்திக்குவேன். ஓடிக்கினுதான் இருக்கு, நீங்க போய்ப் படுங்க."

அவர் கொஞ்ச நேரம் அவள் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்ப் படுத்தார். அன்று அஸர் பாங்கு கேட்டுத்தான் எழுந்தார்.